மூன்றாம் படைக்கு மிஞ்சியது

மேசையில் பெரிய போர் நடத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. நான்கு பேர் உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் ஆட்டம் இது. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, நான் இதைச் செய்கிறேன், நான் அங்கே போகிறேன் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்போம். ஒரு கதவை உடைக்கவும் ஒரு காவலாளியை ஏமாற்றவும் இது போதும். இருபதாயிரம் பேர் மோதும் இடத்தில் இருபதாயிரம் தடவை உருட்ட முடியாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தை மாதம் ஒரு கோட்டை முற்றுகை வைத்தேன். மதில் மேல் நின்ற அறுபது வீரர்களுக்கும் தனித்தனியாக உருட்டினோம். ஐந்து மணி நேரம் ஆனது. என் தம்பி வேல்ராஜ் மருந்து அட்டைப்பெட்டி மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டான். என் சிநேகிதி சூஃபியா கீழே இறங்கிப் போய்க் கடையில் வியாபாரம் பார்த்துவிட்டு மேலே வந்தாள். அப்போதும் அவள் முறை வந்திருக்கவில்லை.

நான் கோகிலா. ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குக் கணக்கு எடுக்கிறேன். கோயம்புத்தூரில் படித்தபோது விடுதியில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் ஆள் பிடித்தேன். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கூடுவோம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சூஃபியாவின் கணவர் மருந்துக் கடை வைத்திருக்கிறார். அதன் மாடியில், குளுக்கோஸ் பெட்டிகளுக்கும் இருமல் மருந்துப் பெட்டிகளுக்கும் நடுவில்தான் எங்கள் ராஜ்ஜியம். நான்தான் கதை நடத்துகிறவள். விழுந்தது விழுந்ததுதான், மேசையில் நடந்தது நடந்ததுதான் என்பது என் சட்டம். தம்பி என்று பார்க்க மாட்டேன், சிநேகிதி என்று பார்க்க மாட்டேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். வேல்ராஜ் எங்கள் வீட்டு வயலையும் டிராக்டரையும் பார்த்துக்கொள்கிறான். ஆட்டத்தில் அவன் குதிரைப்படைத் தளபதி. சூஃபியா வாலிநோக்கத்துப் பெண், இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவளுடைய பாத்திரம் குறி தப்பாத வில்லாளி. மூன்றாமவள் மாரிச்செல்வி. வேல்ராஜோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே பள்ளியில் படித்தவள். இங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். இப்போது கிருஷ்ணகிரியில் அரசு வேலை கிடைத்து, வருகிற வியாழக்கிழமை கிளம்புகிறாள். அதனால் போன ஞாயிறுதான் அவளுக்குக் கடைசி ஆட்டம்.

அவளுடைய பாத்திரம் ஓர் உப்பளத்தில் அடிமையாக இருந்து தப்பித்தவள். தனியாகத் தப்பவில்லை, கூட நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினோரு மாதமாக அந்த நாற்பது பேரையும் காடு மேடெல்லாம் இழுத்துக்கொண்டு திரிந்தாள். ஒவ்வொருவருக்கும் பெயர் வைத்து ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதியிருந்தாள். யாருக்குக் காது மந்தம், யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அதில் இருக்கும். அவர்களுக்கு ஆற்று முகத்துவாரத்தில் ஒரு ஊரும் கட்டிவிட்டாள். எதிரியான கருங்கொடிப் படை அந்த ஊர் வழியாகத்தான் வரப்போகிறது என்று நான் கதையைக் கொண்டுபோனேன்.

"கடசி ஆட்டத்துல எம்புட்டுப் பேரு வீடு போய்ச் சேருறாகன்னு மட்டும் பாத்துட்டா போதும்க்கா. அதத் தெரிஞ்சுக்காம நான் பஸ் ஏற மாட்டேன்" என்று போன மாதமே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டுக்குச் சொன்னது மாதிரித் தெரியவில்லை.

அந்தப் போருக்காக நான் மூன்று வாரம் உட்கார்ந்து யோசித்தேன். பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. படையை மூன்றாகப் பிரித்தேன், ஆளுக்கு ஒரு பிரிவு. பொழுது சாய்வதற்குள் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எதிரி எந்தப் பிரிவின் மேல் எவ்வளவு வேகத்தில் மோதுகிறான் என்பதைப் பகடை சொல்லும். அதைத் தாங்குவதற்கு முகாமிலிருந்து வண்டிகளில் உதவி வரும். புது அம்பு, மாற்றுக் குதிரை, காயத்துக்குக் கட்டுப்போட ஆள், குடிக்கத் தண்ணீர், எல்லாம் சேர்த்துச் சுற்றுக்குப் பத்துப் புளியங்கொட்டை. ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு முதல் பிரிவிடம் கொடுப்பேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். அவர் எடுத்தது போக மூன்றாமவருக்கு.

இன்னொரு விதியும் வைத்தேன். அதில் எனக்கு மெத்தப் பெருமை. பெரிய போரில் முந்நூறு பேர் செத்தார்கள் என்று சொன்னால் கேட்கிறவருக்கு ஒன்றும் உறைக்காது. தெரிந்த ஒருவன் விழுந்தால்தான் உறைக்கும். ஆகவே குறைகிற ஒவ்வொரு கொட்டைக்கும், அந்தப் பிரிவை நடத்துகிறவர் தனக்குத் தெரிந்த ஒருவரைப் பெயர் சொல்லிப் பலி கொடுக்க வேண்டும். பின்னால் நிற்கும் ஆயிரம் பேருக்கும் அந்த ஒரு பெயர்தான் அடையாளம்.

போர்க்களத்தின் படத்தை வரைந்து, யார் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்து, விதிகளையும் கீழே எழுதி, வியாழக்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேட்டில் முகாம். அதை ஒட்டி வேல்ராஜின் குதிரைகள். நடுவில் சூஃபியாவின் வில்லாளிகள். சரிந்து போகும் நிலத்தின் கடைசியில், முகத்துவாரத்துச் சேற்றில் மாரிச்செல்வி. குதிரை மேட்டில்தான் நிற்க முடியும், சேறு பழகினவர்கள்தான் சேற்றில் நிற்க முடியும். எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது. வேல்ராஜ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். சூஃபியா ஒரு பூப் படம் அனுப்பினாள். மாரிச்செல்வி பார்த்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது.

போன ஞாயிறு இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் சுற்றில் வேல்ராஜ் மேல் ஐந்து வேகத்தில் மோதல். ஐந்து கொட்டையை எடுத்துக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளினான். சூஃபியா மூன்று எடுத்தாள். மிச்சம் இரண்டு. மாரிச்செல்விக்கு வேண்டியது ஆறு. நோட்டைத் திறந்து நான்கு பெயரை அடித்தாள். அடிக்கும்போது பெயரைச் சத்தமாகச் சொன்னாள். நான் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம் சொன்னேன். ஒருவன் ஈட்டி வாங்கினான், ஒருத்தி ஆற்றின் இழுப்பில் போனாள், இப்படி.

இரண்டாம் சுற்றில் வேல்ராஜ் ஆறு, சூஃபியா மூன்று. மாரிச்செல்விக்கு ஒன்று வந்தது, ஏழு தேவைப்பட்டது. ஆறு பெயர் போனது. மூன்றாம் சுற்றில் கிண்ணம் அவளிடம் வரும்போது காலி. எட்டுப் பெயர். வேல்ராஜ் குதிரைகளை ஒரு பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய் எதிரியின் கொடியைச் சாய்த்தான். சூஃபியா ஒரே அம்பில் முரசு அடிக்கிறவனை வீழ்த்தினாள். கீழே சேற்றில் மட்டும் ஆட்கள் சரிந்துகொண்டிருந்தார்கள். போர் நன்றாக வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தேன். ஒரு பக்கம் வெற்றி, ஒரு பக்கம் இழப்பு. கதைக்கு வேறென்ன வேண்டும். மாரிச்செல்வியின் குரல் கொஞ்சம் கம்மியதைக்கூட என் திறமை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

நான்காம் சுற்றில் வேல்ராஜ் நான்கு எடுத்தான், சூஃபியாவுக்கு ஐந்து வேண்டியிருந்தது. அவள் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிண்ணத்தைத் தள்ளாமல் இருந்தாள். அதில் ஒன்றே ஒன்று கிடந்தது.

"கோகிலா, ஒன்னு கேக்கட்டா. எதுக்கு எப்பவும் வேல்ராஜே மொதல்ல எடுக்கான்?"

"முகாமுக்குப் பக்கத்துல அவன்தான நிக்கிறான்" என்றேன்.

"சரி. யாருக்கு எம்புட்டு வேணும்னு மொதல்ல மூணு பேரும் சொல்லிட்டு, அப்பறம் பிரிச்சா என்ன? எங்க ஊர்ல வலைய இழுத்துக் கரையில போட்டதுக்கு அப்பறந்தான் பங்கு வைப்பாக. வர்ற வழியிலயே ஆளாளுக்கு அள்ளிக்கிற மாட்டாக."

வேல்ராஜ் சிரித்தான். "அது மீனு, அக்கா. இது மேலருந்து எறங்கி வர்றதாச்சே. மேல உள்ளவன் எடுத்தது போகத்தான கீழ போகும். அதான முறை."

அவன் அதை வெகு சாதாரணமாகச் சொன்னான். எனக்கும் சாதாரணமாகத்தான் கேட்டது. 'அதான முறை' என்று நானும் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான் மேசையில் விரித்திருந்த என் படத்தைப் பார்த்தேன்.

முகாம் இருந்த மேடு எங்கள் ஊர்க் கண்மாய்க் கரை. அதே வளைவு. வேல்ராஜை நிறுத்திய இடம் தலைமடை. மடை திறந்ததும் முதலில் தண்ணீர் பாய்வது எங்கள் வயலில்தான், எங்கள் தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். நாங்கள் பாய்ச்சியது போக நடுமடை. அதுவும் போக மிஞ்சினால் கடைமடை. மழை குறைந்த வருடம் கடைமடைக்கு ஈரம்கூட எட்டாது. மாரிச்செல்வியின் அய்யா இருளாண்டிக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பாதி வருடம் அது தரிசாகக் கிடக்கும். அந்த வருடங்களில் அவர் எங்கள் வயலுக்குக் கூலிக்கு வருவார். மூன்று வாரம் மண்டையை உடைத்து நானாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்த விதி, எங்கள் கண்மாயில் தண்ணீர் விடுகிற முறை. ஆளை நிறுத்தியதும் அதே வரிசைதான்.

"மாரி, இது நம்ம கண்மாய்" என்றேன்.

"ஆமாக்கா."

"நான் தெரியாம செஞ்சுட்டேன்."

"அது தெரியும். தெரிஞ்சு செஞ்சிருந்தா நான் இன்னைக்கு வந்திருக்கவே மாட்டேன்ல."

வேல்ராஜ் படத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த நான்கு கொட்டையையும் மேசை மேல் வைத்துவிட்டான். பாவம், அவன் கெட்டவனில்லை. ஒரு கொட்டைகூடத் தேவைக்கு மேல் எடுத்தவனில்லை.

"அப்ப ஏன்டி சொல்லல நீ?" என்று சூஃபியா மாரிச்செல்வியைக் கேட்டாள்.

மாரிச்செல்வி நோட்டைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தாள். நாற்பது பெயர்களுக்கும் முன்னால் சிவப்புப் பேனாவில் எண் போட்டிருந்தாள், ஒன்றிலிருந்து நாற்பது வரை. அடித்திருந்த பதினெட்டுப் பெயர்களும் முதல் பதினெட்டு எண்கள்.

"வியாழக்கெழம படம் வந்துச்சுல்ல, அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்குக் கடைசியிலதான் வரும்னு. அதான் யாரு மொதல்ல போறதுன்னு ராத்திரியே எழுதிட்டேன். தனிக்கட்டையா இருக்கவுக மொதல்ல. சின்னப் பிள்ளைக வச்சிருக்கவுக கடைசியில."

அழவில்லை, கோபப்படவும் இல்லை. டெஸ்ட் ரிசல்ட் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க நான் எந்த வீரனுக்கு என்ன நிறத்தில் கொடி கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நிறுத்திருவோம். முதல் சுத்துலருந்து திரும்ப ஆடுவோம். சூஃபியா சொன்ன மாதிரியே பிரிப்போம்" என்றேன்.

"வேணாம்க்கா."

"இது நியாயமா நடக்கல மாரி. என் தப்பு."

"செத்தவுகள எந்திரிச்சு வாங்கன்னா, அப்பறம் அவுக நீங்க குடுத்த ஆளாப் போயிருவாக. நாங் கூட்டிட்டு வந்த ஆளா இருக்க மாட்டாக. மேசையில நடந்தது நடந்ததுதான்னு நீங்கதான சொன்னீக. உருட்டுங்க."

உருட்டினேன். அவள் பக்கம் ஒன்பது விழுந்தது. இருந்தது ஒரு கொட்டை. எட்டுப் பெயரை அடித்தாள். இந்தத் தடவை எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. பதினான்கு பேர் மிச்சம், இன்னும் ஒரு சுற்றுப் பாக்கி.

ஐந்தாம் சுற்றுக்குப் பத்துக் கொட்டையை எண்ணிக் கிண்ணத்தில் போட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசை நடுவில் வைத்தேன்.

"விதியெல்லாம் மாத்த வேணாம்" என்றாள் மாரிச்செல்வி. "நான் இப்ப ஒன்னு செய்றேன். எம் பதினாலு பேரையும் கூட்டிக்கிட்டு சேத்து வழியா முகாமுக்கு மேல ஏறுறேன். இனிமே எந்த வண்டி எங்கன போகணும்னு நாந்தான் சொல்லுவேன்."

வேல்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏலா, சண்ட நடக்கையில எடத்த விட்டுட்டு வந்தா அது துரோகம்ல."

"உனக்குத் துரோகம். எனக்கு வழி."

இப்படி ஒருவர் எதிர்பாராததைச் செய்தால் நடக்குமா என்று நான் ஓர் எண் சொல்ல வேண்டும். பதினாறு என்றேன். இருபது முகப் பகடையில் பதினாறுக்கு மேல் விழுவது கஷ்டம். ஆனால் அவள் செய்யப்போனதும் கஷ்டமான காரியம்தான், யாருக்கும் அதே எண்தான் சொல்லியிருப்பேன். அவள் உருட்டினாள். பதினேழு.

கிண்ணத்தை அவளே இழுத்துக்கொண்டாள். அவள் பிரிவின் மேல் ஆறு வேகத்தில் மோதல். ஆறு எடுத்தாள், ஏழாவதைத் தொடவில்லை. சூஃபியாவுக்கு நான்கு வேண்டியிருந்தது, நான்கு எடுத்தாள். கிண்ணம் வேல்ராஜிடம் காலியாகப் போனது.

அவன் பக்கம் விழுந்தது வெறும் மூன்று. அன்றைக்கு விழுந்ததிலேயே மிகச் சின்ன மோதல்களில் அதுவும் ஒன்று. மூன்று பெயர் சொன்னால் போதும். ஆனால் வேல்ராஜுக்குச் சொல்ல ஆள் இல்லை. இரண்டாயிரம் குதிரைக்காரர்களை வைத்திருந்தவன் பதினோரு மாதத்தில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை. கொடி பிடிப்பவன் ஒருத்தன் உண்டு, அவனைச் சொன்னான். தன் குதிரையைச் சொன்னான். மூன்றாவதாக அவன் பாத்திரம் மட்டும்தான் மிஞ்சியது.

"என்னக்கா, நான் செத்துருவனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். சின்ன வயதில் மாட்டு வண்டியிலிருந்து விழுந்து கை ஒடிந்தபோது பார்த்த அதே முகம்.

"இரு, ஒரு நிமிஷம்" என்றேன். என் கை விதி எழுதிய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தது. "தளபதிக்கு மெய்க்காவலர் இருப்பாங்கல்ல. அவங்கள்ல ஒருத்தன் குறுக்க விழுந்தான்னு வச்சுக்கிட்டா..."

"அக்கா" என்றாள் மாரிச்செல்வி.

நிமிர்ந்தேன்.

"இருவத்தாறு பேரு போனாக. ஒருத்தருக்கும் நீங்க ஒரு நிமிசம்னு சொல்லல."

நோட்டை மூடினேன். தம்பி என்று பார்க்காதவள் நான் என்று இத்தனை நாளாக நம்பியிருந்தேன். அவன் குதிரை விழுந்தபோது எனக்கு வலித்தது, அவளுடைய இருபத்தாறு பேருக்கு வலிக்கவில்லை. இதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"வேல்ராஜு, உன் ஆளு செத்துட்டான்" என்றேன். அவன் தன் பாத்திரத்தை எழுதியிருந்த தாளை இரண்டாக மடித்து வைத்தான்.

பொழுது சாய்ந்தது. கருங்கொடிப் படை பின்வாங்கியது. போரில் வென்றோம். பிழைத்தவர்கள் வீடு திரும்புவதைச் சொல்லி முடிப்பது எங்கள் வழக்கம். ஆடுகிறவர் ஒரு பெயர் சொல்வார், நான் அவருக்கு ஒரு வாக்கியம் சொல்வேன். மாரிச்செல்வி நோட்டைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள்.

"கூத்தையா" என்றாள். கூத்தையா தன் வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தான், உள்ளே விளக்கு எரிந்தது என்றேன்.

"மீனம்மாள்." மீனம்மாள் தன் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டாள் என்றேன். மாரிச்செல்வி தலையாட்டினாள்.

"பூமயில்."

நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அன்றைக்கு நான் செய்ததற்கெல்லாம் ஈடாக, எல்லாவற்றிலும் நல்ல வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "பூமயில் நடந்து போகவில்லை" என்றேன். "ஊர் கண்ணில் பட்டதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முகத்துவாரம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடினாள்."

மாரிச்செல்வி நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பூமயிலுக்கு ஒரு காலு இல்லக்கா. நீங்கதான் எடுத்தீக, ஆடி மாசம்."

சூஃபியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே தொண்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. எனக்கு ஆடி மாத ஆட்டத்தில் என்ன நடந்தது என்று ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. அடுத்த பெயரை அவள் சொன்னாள், வாக்கியத்தையும் அவளே சொன்னாள். மீதி இருந்த எல்லாரையும் அப்படியே ஒவ்வொருவராக அவளே வீட்டில் கொண்டுபோய் விட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.